பெஸ்தாரி ஜெயா கடையில் தொங்கும் யூஎஸ்பி-சீரியல் கேபிள்கள்: பெயர் கேட்டால் எது ஒழுங்காகப் பதில் சொல்கிறது?

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த காலத்தில், 1917-இல், மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்த தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இன்று குலை ஏற்றிய லோரி ஆலைக்குள் வந்ததும் முதலில் ஏறி நிற்பது எடைமேடை மேல். எடைகாட்டியின் முதுகில் இருப்பது பெரும்பாலும் இன்னமும் 9 பின் சீரியல் போர்ட். அலுவலக மேசையில் உள்ள கணினியில் அந்தப் போர்ட் கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஒரு யூஎஸ்பி-சீரியல் கேபிள் வேண்டும். அதை வாங்க வரும் கிராணிகளையும், யூனிசெல் (சிலாங்கூர் பல்கலைக்கழகம்) வளாகத்திலிருந்து புராஜெக்டுக்குச் சாமான் தேடி வரும் மாணவர்களையும் கடைவரிசையில் உள்ள ஒரே கணினிப் பொருள் கடையில் பார்க்கலாம். அங்கே சுவரில் தொங்கும் கேபிள்களைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை.

கேபிளின் நீளம், நிறம், தங்கமுலாம் பூசிய முனை இதெல்லாம் இங்கே பேச்சில்லை. கணினியின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) "நீ யார்?" என்று கேட்கும்போது கேபிள் எழுத்தில் என்ன பதில் சொல்கிறது என்பதை வைத்துத்தான் தரம் பிரித்திருக்கிறது. ஏன் அப்படி என்பதற்குக் கடையில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சே போதும்.

"அண்ணே, நேத்து வரைக்கும் காம் 3-ல வந்த எடை இன்னிக்கு வரவே மாட்டேங்குது. கேபிள் போச்சா?"

"கேபிள் போகலண்ணே. மேசையத் துடைக்கும்போது கழட்டி வேற ஓட்டையில சொருகியிருப்பாங்க. காம் 5-ல போய்ப் பாருங்க."

கடைக்காரர் சொல்வது சரி. காம் என்பது சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் கொடுக்கும் பெயர். விண்டோஸ் ஒரு யூஎஸ்பி சாதனத்தை அடையாளம் காண்பது மூன்றை வைத்து: தயாரிப்பாளர் எண், பொருள் எண், தொடர் எண். முதல் இரண்டும் வெறும் எண்கள். ஒரே மாதிரிக் கேபிள்கள் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும். மூன்றாவது மட்டும்தான் எழுத்தாக வருவது, ஒவ்வொரு கேபிளுக்கும் தனியாக இருக்க வேண்டியது. அது இல்லாவிட்டால் விண்டோஸ் எந்த ஓட்டையில் சொருகியிருக்கிறது என்பதையே அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. ஓட்டை மாறினால் அதற்குப் புதுச் சாதனம், புதுக் காம் எண். எடை மென்பொருளோ பழைய எண்ணிலேயே காத்துக்கொண்டிருக்கும். வெளியே லோரி வரிசை கட்டி நிற்கும்.

இனி கேபிள் பதில் சொல்லும் விதம். இதைப் புரிந்துகொள்ளாமல் மதிப்பெண் போடுவதில் பயனில்லை என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

சொருகியதும் கெர்னல் வாங்குவது 18 பைட் கொண்ட டிவைஸ் டிஸ்கிரிப்டர், அதாவது சாதனம் தன்னைப் பற்றித் தரும் குறிப்பு. 0-விலிருந்து எண்ணினால் அதில் 14, 15, 16-ஆவது பைட்டுகள் முறையே தயாரிப்பாளர் பெயர், பொருள் பெயர், தொடர் எண் ஆகியவற்றின் இண்டெக்ஸ். எழுத்து அங்கே இருக்காது, "இத்தனையாவது ஸ்ட்ரிங்கைக் கேள்" என்ற குறிப்பு மட்டும் இருக்கும். ஸ்ட்ரிங் என்றால் எழுத்துத் தொடர். 0 என்று இருந்தால் அந்த ஸ்ட்ரிங்கே கிடையாது. லினக்ஸின் கெர்னல் பதிவில் வரும் "எம்எஃப்ஆர்=1, புராடக்ட்=2, சீரியல்நம்பர்=3" என்ற வரியைப் பலர் தொடர் எண்ணே 3 என்று படித்துவிடுகிறார்கள். அது இண்டெக்ஸ். தொடர் எண் அதற்கு அடுத்து வரும் தனி வரியில் இருக்கும்.

எழுத்தை வாங்குவதற்கு முன் மொழியைக் கேட்க வேண்டும். கெர்னல் அனுப்பும் 8 பைட்: 128, 6, 0, 3, 0, 0, 255, 0. 128 என்பது சாதனத்திலிருந்து கணினிக்கு வர வேண்டிய பொதுக் கோரிக்கை, 6 என்பது டிஸ்கிரிப்டர் கொடு, அடுத்த 0 இண்டெக்ஸ், 3 என்றால் ஸ்ட்ரிங் வகை. பிறகு மொழிக்கு இரண்டு பைட், கடைசி இரண்டும் அதிகபட்சம் 255 பைட் போதும் என்பது. எஃப்டி232ஆர் சிப் (யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிப்புகளில் ஒன்று) உள்ள கேபிள் இதற்கு 4, 3, 9, 4 என்று பதில் சொல்லும். மொத்த நீளம் 4, வகை 3, மொழி எண் பதினாறடிமானத்தில் 0409, அதாவது அமெரிக்க ஆங்கிலம். சின்ன பைட் முன்னால் வருவதால்தான் 9-க்குப் பிறகு 4.

இப்போது 128, 6, 1, 3, 9, 4, 255, 0 என்று கேட்டால் 10, 3, 70, 0, 84, 0, 68, 0, 73, 0 என்று வரும். 10 பைட்டில் நான்கே எழுத்து: எஃப், டி, டி, ஐ. ஒவ்வொன்றும் யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இரண்டு பைட். கடைசியில் முற்றுப்புள்ளியாக 0 கிடையாது. முதல் பைட்டில் உள்ள நீளம்தான் எல்லை. புதிதாக டிரைவர் (கெர்னலைச் சாதனத்தோடு பேச வைக்கும் நிரல்) எழுதுபவர், பதில் வந்து விழும் இந்தப் பஃபரை அப்படியே சி மொழி ஸ்ட்ரிங் என்று நினைத்து அச்சிட்டால் முதல் எழுத்து மட்டும் வரும், ஏனென்றால் அடுத்த பைட் 0. "கேபிள் ஒரே எழுத்தைத்தான் அனுப்புகிறது" என்று மாணவர்கள் கடைக்குத் திருப்பிக் கொண்டுவரும் கேபிளில் பழுது எதுவும் இருப்பதில்லை.

லினக்ஸில் இந்த வேலைகளையெல்லாம் யூஎஸ்பி_ஸ்ட்ரிங் என்ற ஒரே ஃபங்ஷன் செய்துவிடுகிறது. சாதனம், இண்டெக்ஸ், பஃபர், அதன் அளவு நான்கையும் கொடுத்தால் யூடிஎஃப்-8-ஆக மாற்றி, கடைசியில் 0 வைத்து, நீளத்தைத் திருப்பித் தருகிறது. தப்பு நடந்தால் மைனஸ் எண். இண்டெக்ஸ் 0 கொடுத்தால் மைனஸ் 22. சாதனம் தூக்க நிலையில் இருந்தால் மைனஸ் 113. எனவே புரோப் (டிரைவர் சாதனத்தை ஏற்கும் கட்டம்) முடிந்த பிறகு எப்போதாவது கேட்பதானால் முதலில் ஆட்டோபிஎம் (தானியங்கி மின்சேமிப்பு வசதி) மூலம் எழுப்ப வேண்டும். இது காத்திருந்து பதில் வாங்கும் ஃபங்ஷன். இண்டரப்ட் ஹேண்ட்லரிலோ ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டோ, அதாவது காத்திருக்கக் கூடாத இடங்களில், கூப்பிடக் கூடாது. வாய் திறக்காத சாதனத்திடம் ஒரு முயற்சிக்கு 5 விநாடி வரை நிற்கும்.

பஃபரை ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் உள்ளூர் மாறிகள் இருக்கும் நினைவகத்தில்) வைக்கலாமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. யூஎஸ்பி_ஸ்ட்ரிங்குக்கு வைக்கலாம். அது உள்ளே தனியாக 256 பைட் கேமேலாக் செய்து (கெர்னலிடம் நினைவகம் கேட்டு வாங்கி) அதில்தான் வாங்குகிறது. நமக்குக் கொடுப்பது மாற்றி எழுதிய நகல். ஆனால் "நானே கண்ட்ரோல் மெசேஜ் அனுப்புகிறேன்" என்று யூஎஸ்பி_கண்ட்ரோல்_எம்எஸ்ஜி-யை நேரடியாகப் பிடித்தால் ஸ்டாக் பஃபர் கூடாது. அது டிஎம்ஏ-வுக்குப் (வன்பொருள் நினைவகத்தை நேரே தொடும் முறைக்கு) போகும் நினைவகம், கேமேலாக்கில் வாங்கியதாக இருக்க வேண்டும்.

உண்மையில் மூன்று முக்கிய ஸ்ட்ரிங்கையும் டிரைவர் மறுபடி கேட்கவே வேண்டியதில்லை. சொருகும்போதே கெர்னல் வாங்கி, யூஎஸ்பி_டிவைஸ் ஸ்ட்ரக்சரில் மேனுஃபேக்சரர், புராடக்ட், சீரியல் என்ற மூன்று பாயிண்டர்களில் வைத்திருக்கும். இங்கேதான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஸ்ட்ரிங் இல்லாத கேபிளுக்கு அந்தப் பாயிண்டர் நல், அதாவது எங்கும் சுட்டாதது. சோதிக்காமல் எஸ்டிஆர்கம்ப் செய்தால் (எழுத்தை ஒப்பிட்டால்) கெர்னல் ஊப்ஸ், அதாவது கெர்னலே பிழையில் விழும். எல்லா ஸ்ட்ரிங்கும் தரும் கேபிளிலேயே சோதித்து எழுதிய டிரைவர், தொடர் எண் இல்லாத கேபிளைச் சொருகியதும் விழுவது இதனால்தான். டிரைவர் எழுதுபவர் நல்ல கேபிளோடு கூட மோசமான கேபிள் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதே அடிப்படையில் கடையில் உள்ளவற்றைப் பார்க்கலாம். உறையில் சிப்பின் பெயர் இருக்காது, "யூஎஸ்பி டு ஆர்எஸ்-232" என்று மட்டும் அச்சிட்டிருக்கும் (ஆர்எஸ்-232 என்பது அந்த 9 பின் சீரியல் போர்ட்டின் தரம்). அது இந்தக் கடையின் பெரிய குறை. பெரிய நிறை, பணம் கொடுக்கும் முன் கல்லாமேசையில் உள்ள மடிக்கணினியில் சொருகிப் பார்க்க விடுகிறார்கள். லினக்ஸ் போட்ட மடிக்கணினியை நீங்களே கொண்டுபோனாலும் முகம் சுளிப்பதில்லை. அதை அவசியம் பயன்படுத்துங்கள்.

எஃப்டி232ஆர் சிப் உள்ள கேபிள்தான் இருப்பதில் விலை கூடியது. தயாரிப்பாளர் எண் 0403, பொருள் எண் 6001. மூன்று ஸ்ட்ரிங்கும் உண்டு, பொருள் பெயர் "எஃப்டி232ஆர் யூஎஸ்பி யூஆர்ட்", தொடர் எண் சிப் தயாரிக்கும்போதே தனித்தனியாக எழுதப்பட்டது. சிப்பிலேயே ஈஈபிராம் (அழித்து எழுதக்கூடிய நினைவகம்) இருப்பதால் எஃப்டி_புரோக் மென்பொருளை வைத்துப் பொருள் பெயரை மாற்றியும் எழுதலாம். எடைமேடைக்கு இதுதான். எந்த ஓட்டைக்கு மாற்றினாலும் விண்டோஸில் அதே காம் எண், லினக்ஸில் டெவ் சீரியல் பை-ஐடி கோப்புறையில் (சாதனத்தின் ஸ்ட்ரிங்குகளை வைத்துப் பெயர் அமையும் இடம்) அதே பெயர். ஒரே எச்சரிக்கை, இந்தச் சிப்புக்குப் போலிகள் நிறைய. போலிகளில் பல கேபிள்களுக்கு ஒரே தொடர் எண் இருப்பது உண்டு.

சிபி2102 சிப் உள்ளதும் மூன்று ஸ்ட்ரிங் தருகிறது. முதல் பார்வைக்கு நிறைவாக இருக்கும். தொடர் எண்ணைப் படித்தால் 0001. கேபிள் கட்டியவர் தனி எண் எழுதாமல் சிப் வந்தபடியே விட்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒரு கேபிள் மட்டும் போதும் என்றால் சிக்கல் இல்லை. இரண்டு எடைமேடைக்கு இரண்டு வாங்கினால் இரண்டும் 0001. லினக்ஸில் பை-ஐடி பெயர் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், எந்த மேடையின் எடை எந்தப் பெயரில் வருகிறது என்று நம்ப முடியாது. தொடர் எண் இல்லாமலிருப்பதைவிட இது மோசம். இல்லாதது இல்லை என்று தெரிந்துவிடும். இது இருப்பதுபோல் காட்டும்.

சிஎச்340 சிப் உள்ளது மலிவு. கெர்னல் பதிவில் எம்எஃப்ஆர் 0, புராடக்ட் 2, சீரியல் 0. பொருள் பெயர் மட்டும், அதுவும் "யூஎஸ்பி சீரியல்" என்றோ "யூஎஸ்பி2.0-சீரியல்" என்றோ பொதுப்பெயர். எழுத்தைத் தவிர மற்ற வேலையை நன்றாகவே செய்கிறது. புராஜெக்ட் மேசைக்கும், நல் பாயிண்டர் சோதனைக்கும் இதையே வாங்குங்கள். எடைமேடைக்கு வைத்தே ஆக வேண்டும் என்றால் பை-ஐடியை விட்டு, ஓட்டையை வைத்து அமையும் பை-பாத் பெயரைப் பயன்படுத்தி, கேபிள் சொருகிய ஓட்டைக்குப் பக்கத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி வையுங்கள்.

பிஎல்2303 சிப் உள்ளது தயாரிப்பாளர் பெயரும் பொருள் பெயரும் தருகிறது, தொடர் எண் இல்லை. பழைய வகைச் சிப் என்றால் விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் "2012 முதல் நிறுத்தப்பட்டது" என்ற பொருளில் ஒரு ஆங்கில வரி பெயராக வரும். அதைக் கேபிள் சொல்வதாக நினைக்க வேண்டாம். கேபிளின் ஸ்ட்ரிங்கில் அந்த வாசகம் கிடையாது. டிரைவர் போடும் பெயர் அது. அதே கேபிளை லினக்ஸில் சொருகினால் ஸ்ட்ரிங் வழக்கம்போல் வரும், வேலையும் செய்யும். ஸ்ட்ரிங் டிஸ்கிரிப்டர் வேறு, டிரைவர் காட்டும் பெயர் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

கடைசிக் கொக்கியில் தொங்கும் பெயரில்லாத கேபிளை எதற்கும் வாங்காதீர்கள். மொழியைக் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் சொல்லாமல் ஸ்டால் செய்கிறது, அதாவது கோரிக்கையை மறுத்துவிடுகிறது. கெர்னல் மூன்று முறை கேட்டுப் பார்த்து, பிறகு 2 பைட் மட்டும் கேட்டுப் பார்த்து, "ஸ்ட்ரிங் டிஸ்கிரிப்டர் 0 ரீட் எரர்: -32" என்று எழுதிவிட்டு, அந்தச் சாதனத்திடம் இனி எழுத்தே கேட்பதில்லை என்று முடிவு செய்துவிடும். மொழிப் பட்டியல் வந்தும் அரைகுறையாக 4 பைட்டுக்குக் குறைவாக இருந்தால் கெர்னல் ஆங்கிலம் என்று வைத்துக்கொண்டு தொடரும். வாயே திறக்காததற்குத்தான் அந்தச் சலுகை இல்லை. வேறு சில மலிவுச் சாதனங்கள் 255 பைட் என்று மொத்தமாகக் கேட்டதும் திணறிவிடும். அவற்றுக்கு யூஎஸ்பிகோர் குவிர்க்ஸ் (கோளாறான சாதனங்களுக்கான விதிவிலக்கு) அமைப்பில் சாதன எண்ணோடு ஆங்கிலச் சின்ன "ஏ" எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தால் கெர்னல் முதலில் நீளத்தைக் கேட்டு, பிறகு அந்த அளவுக்கு மட்டும் கேட்கும்.

எதை வாங்கினாலும் 9 பின் முனை உள்ளதாகப் பாருங்கள். மாணவர்கள் வாங்கும் சிறு பலகைகளில் ஆர்எஸ்-232 மின்னழுத்தத்துக்கு மாற்றும் சிப் இருப்பதில்லை. எடைகாட்டியோடு நேராக இணைத்தால் பலகை போய்விடும்.

எடைகாட்டிக்கு யாரும் புது டிரைவர் எழுதத் தேவையில்லை. மேலே சொன்ன நான்கு சிப்புக்கும் லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் உண்டு. சொந்தமாகப் பலகை செய்பவருக்குத்தான் ஸ்ட்ரிங் படிப்பது கட்டாயமாகிறது. வி-யூஎஸ்பி ஃபர்ம்வேரோடு (பலகைக்குள் ஓடும் நிரலோடு) இலவசமாகப் பகிரும் எண்கள், தசமத்தில் தயாரிப்பாளர் எண் 5824-உம் பொருள் எண் 1500-உம், எத்தனையோ பேரின் பலகைகளில் ஒன்றாகவே இருக்கின்றன. எண்ணை மட்டும் பார்த்துப் புரோப்பில் பிடித்துக்கொண்டால் அடுத்தவர் சாதனத்தையும் சேர்த்துப் பிடித்துவிடுவோம். தயாரிப்பாளர் பெயரையும் பொருள் பெயரையும் நல் சோதனையோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் மைனஸ் ஈநோடெவ் (இது என் சாதனம் இல்லை என்ற பிழை எண்) திருப்பிவிட வேண்டும். அந்தப் பெயர்கள் வெளியிலிருந்து வருபவை என்பதையும் மறக்கக் கூடாது. கெர்னல் பதிவில் எழுதும் பிரிண்ட்கே-வில் நேரே ஃபார்மட்டாகப் போடாமல் சதவீதக் குறியோடு எஸ் போட்டு அச்சிடுங்கள். சதவீதக் குறி உள்ள பெயரோடு எவராவது ஒரு பலகை செய்துவிட்டால் அங்கே கதை முடிந்தது.

விண்டோஸில் கேஎம்டிஎஃப் (மைக்ரோசாஃப்டின் கெர்னல் டிரைவர் சட்டகம்) டிரைவர் என்றால் டபிள்யூடிஎஃப் யூஎஸ்பி டார்கெட் டிவைஸ் குவெரி ஸ்ட்ரிங் என்ற ஃபங்ஷன். பஃபர் கொடுக்காமல் ஒரு முறை கூப்பிட்டு எழுத்து எண்ணிக்கையை வாங்கி, பிறகு இடம் ஒதுக்கி மறுபடி கூப்பிட வேண்டும். எண்ணிக்கை பைட்டில் இல்லை, இரண்டு பைட் எழுத்தில். முடிவில் 0-வும் வைக்காது. பாஸிவ் லெவலில் (காத்திருக்க அனுமதி உள்ள நிலையில்) மட்டும் கூப்பிடலாம். ஃபர்ம்வேர் எழுதுபவருக்கு இன்னொன்று: விண்டோஸ் புதுச் சாதனத்திடம் 238 என்ற இண்டெக்ஸையும் கேட்டுப் பார்க்கும். அப்படி ஒன்று நம்மிடம் இல்லை என்றால் ஸ்டால் செய்ய வேண்டும். தெரியாத இண்டெக்ஸுக்குக் குப்பையை அனுப்பினாலோ தொங்கி நின்றாலோ சாதனம் சொருகியதுமே பிரச்சினை ஆரம்பிக்கும்.

தமிழில் பெயர் வைக்க முடியுமா? முடியும், செய்து பார்க்கவும் வேண்டும். யூஎஸ்பி மொழி எண்களில், தசமத்தில், தமிழுக்கு 1097, மலேசிய மலாய்க்கு 1086. "தராசு" என்று பெயர் வைத்தால் ஐந்து குறியீடுகள்: 12, 3, 164, 11, 176, 11, 190, 11, 154, 11, 193, 11. 12 பைட்டில் அடங்கிவிட்டது. இதே சொல் யூடிஎஃப்-8-க்கு மாறியதும் 15 பைட், முடிவுக்கு ஒன்று சேர்த்து 16. டிரைவரில் 12 பைட் பஃபர் வைத்திருந்தால் "தரா" என்று நின்றுவிடும். திருப்பித் தரும் நீளம் 9, பிழை எதுவும் வராது. ஒரு ஸ்ட்ரிங்கில் அதிகபட்சம் 126 குறியீடுகள் என்பதால் 379 பைட் பஃபர் வைத்தால் எந்தத் தமிழ்ப் பெயரும் வெட்டுப்படாது. லினக்ஸ் எப்போதும் மொழிப் பட்டியலில் முதலில் உள்ளதை மட்டும் எடுக்கும். ஆங்கிலத்தை முதலிலும் தமிழை இரண்டாவதாகவும் வைத்தால் தமிழ்ப் பெயரை யாரும் பார்க்கப்போவதில்லை. தமிழை முதலில் வையுங்கள். தொடர் எண்ணை மட்டும் எண்ணிலும் ஆங்கில எழுத்திலும் விடுங்கள், காற்புள்ளியும் வேண்டாம். செல்லாத எழுத்து ஒன்று இருந்தாலும் விண்டோஸ் அந்தத் தொடர் எண்ணையே இல்லாததாகக் கருதிவிடும்.

கடைக்குப் போகிறவர்களுக்கு: எஃப்டி232ஆர் கேபிள் ஒன்றுதான் தேவை என்றாலும் கொக்கியிலிருந்து இரண்டை எடுத்துக் கல்லாமேசை மடிக்கணினியில் இரண்டையும் ஒரே நேரத்தில் சொருகச் சொல்லுங்கள். தொடர் எண் இரண்டும் ஒன்றாக வந்தால் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பெட்டியில் உள்ளதைக் கேளுங்கள். வேறுவேறாக வந்தால் வாங்கும் கேபிளின் தொடர் எண்ணில் கடைசி நான்கு எழுத்தை ஸ்டிக்கரில் எழுதி 9 பின் முனைக்கு மேல் ஒட்டிவிடுங்கள். அடுத்த மேடைக்கு இன்னொன்று வாங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.